எளிய திரவத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி அமைந்திருக்கின்றன: கணித மாதிரிகளை நீங்களே கட்டிப் பார்க்க ஒரு வழிகாட்டி

படிகத்தின் உள்ளமைப்பைச் சொல்ல ஒரு சிறு கனசதுரத்தை வரைந்து, அதுவே எல்லாத் திசைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் போதும். அடர்த்தி மிகக் குறைந்த வாயுவில் சொல்வதற்கே அதிகம் இல்லை. மூலக்கூறு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். திரவம் இந்த இரண்டிலும் சேராது. அணுக்கள் ஏறக்குறைய படிகத்தில் இருப்பதுபோலவே நெருங்கி நிற்கின்றன, ஆனால் எதற்கும் நிலையான இடம் இல்லை. ஒழுங்கு இருக்கிறது, அது சில மூலக்கூறு விட்டங்கள் தள்ளிப் போவதற்குள் மறைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய ஒழுங்கை எண்களில் எப்படிப் பிடிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

கல்லூரி முதலாண்டு அளவிலான நுண்கணிதமும், பைத்தான் போன்ற ஏதேனும் ஒரு நிரல்மொழியில் மடக்குகள் எழுதும் பழக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம். பாடநூல்கள் பெரும்பாலும் புள்ளியியல் இயக்கவியலின் பொதுக் கோட்பாட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குகின்றன. நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை: கையால் கணக்கிடக்கூடியதில் தொடங்குங்கள், ஒவ்வொரு படியிலும் விடை முன்பே தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள். அப்படி ஏறும்போது ஒரு செய்தி தானாகவே தெளிவாகும். எளிய திரவத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூலக்கூறுகளுக்கு இடையிலான விலக்கம்தான், அதாவது மிக நெருங்கும்போது அவை ஒன்றையொன்று தள்ளுவது. கவர்ச்சியின் பங்கு அதில் சிறியது.

எளிய திரவம் என்று நான் சொல்வது ஆர்கான், கிரிப்டான், செனான் போன்றவற்றை. அவற்றின் மூலக்கூறு ஒற்றை அணு, உருண்டையானது, எந்தத் திசையிலிருந்து நெருங்கினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வது. மீத்தேனையும் ஓரளவுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் இந்தக் கூட்டத்தில் இல்லை.

முதலில் ஒரே ஒரு சார்பு

கற்க வேண்டிய மையக் கருத்து ஆரப் பரவல் சார்பு. ஏதேனும் ஒரு மூலக்கூறின் மையத்தில் நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவில், மெல்லிய கோள ஓடு ஒன்றைக் கற்பனை செய்து, அதற்குள் எத்தனை மூலக்கூறு மையங்கள் விழுகின்றன என்று எண்ணுங்கள். எல்லா மூலக்கூறுகளுக்கும், பல கணங்களுக்கும் சராசரி எடுங்கள். அந்த எண்ணிக்கையை, மூலக்கூறுகள் எந்தத் தொடர்புமின்றிச் சிதறிக் கிடந்தால் அதே ஓட்டில் விழுந்திருக்கக்கூடிய எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆரப் பரவல் சார்பின் மதிப்பு.

மதிப்பு 1 என்றால் அந்தத் தொலைவில் மையத்து மூலக்கூறின் தாக்கம் எதுவும் இல்லை. 3 என்றால் எதிர்பார்ப்பதைப்போல மூன்று மடங்கு கூட்டம். 0 என்றால் அங்கே யாரும் வர முடியாது. திரவத்தில் இந்த வரைபடம் மிக அருகில் 0-இல் கிடந்து, ஒரு விட்டத் தொலைவில் உயரமான முகடாக எழுந்து, பள்ளத்தில் இறங்கி, மறுபடி சிறு முகடுகளாக அலைந்து, கடைசியில் 1-இல் அடங்கும். அடர்த்தி மிகக் குறைவாக இருக்கும்போது விடை நேரடியானது: இரு மூலக்கூறுகளுக்கு இடையிலான நிலையாற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்து, குறியை மாற்றி, அடுக்குக்குறிச் சார்பில் இட்டால் போதும். அடர்த்தி கூடும்போது மூன்றாமவர்கள் குறுக்கிடுகிறார்கள். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பென்சிலும் தாளும் மட்டும்: ஒரு பரிமாணம்

கணினியைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு கோட்டின்மேல் நீளம் 1 உடைய கடினத் தண்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது. மற்றபடி அவற்றுக்கிடையே எந்த விசையும் இல்லை. இதன் அழுத்தத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டு டாங்க்ஸ் 1936-இல் வெளியிட்டார். அமைப்பையும் துல்லியமாகவே கணக்கிடலாம்.

கோட்டின் 80 விழுக்காட்டைத் தண்டுகள் அடைத்திருக்கின்றன என்று கொள்வோம். அடர்த்தி 0.8. ஒரு தண்டுக்குக் கிடைக்கும் மொத்த நீளம் 1 ÷ 0.8 = 1.25, ஆகவே சராசரி இடைவெளி 0.25. நீண்ட வரிசையில் இடைவெளிகள் ஒன்றையொன்று சாராதவை. ஒவ்வொன்றும் அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றும். தொடுநிலையில், அதாவது மையங்களுக்கு இடையிலான தொலைவு சரியாக 1 ஆக இருக்கும்போது, அடுத்த தண்டு இருப்பதற்கான நிகழ்தகவு அடர்த்தி 1 ÷ 0.25 = 4. அதை 0.8-ஆல் வகுத்தால் பரவல் சார்பின் மதிப்பு 5. தொலைவு 2-ஐ எட்டும் தறுவாயில் அது 0.09 ஆகச் சரிந்துவிடுகிறது. 2-க்கு மேல் இரண்டாவது அண்டைத் தண்டு நுழைகிறது: தொலைவு 2.25-இல் அதன் பங்கு 1.84, முதல் அண்டையின் மிச்சம் 0.03, மொத்தம் 1.87.

இந்த எண்களை நீங்களே ஒருமுறை வரவழைத்துப் பாருங்கள். கவர்ச்சி துளியும் இல்லாத அமைப்பில், ஐந்து மடங்கு உயரமான முகடும் ஆழமான பள்ளமும் இரண்டாம் முகடும் கிடைத்துவிட்டன. தண்டுகள் ஒட்டி நிற்கக் காரணம் வேறு இடம் இல்லாததுதான். முப்பரிமாணத் திரவத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான உள்ளுணர்வில் பாதி இங்கேயே கிடைக்கிறது. கிடைக்காத ஒன்று உறைதல்: இந்த ஒரு பரிமாண மாதிரியில் எந்த அடர்த்தியிலும் நிலைமாற்றம் நிகழாது.

எண்ணும் நிரலை எழுதுதல்

அடுத்து, மூலக்கூறுகளின் ஆயங்களைக் கொடுத்தால் பரவல் சார்பைத் தரும் நிரல். முக்கியமான எச்சரிக்கை: இதைத் திரவத்தோடு சோதிக்காதீர்கள். 500 புள்ளிகளை ஒரு கனசதுரப் பெட்டிக்குள் சமவாய்ப்பாக இறைத்து அதோடு சோதியுங்கள்.

பெட்டியின் சுவர்கள் தொல்லை தராமலிருக்கக் காலமுறை எல்லை வேண்டும்: வலப்பக்கம் வெளியேறும் மூலக்கூறு இடப்பக்கம் நுழைகிறது. இரு மூலக்கூறுகளுக்கு இடையிலான தொலைவைக் கணக்கிடும்போது, ஒன்றின் எல்லாப் பிரதிகளிலும் மிக அருகிலுள்ளதை எடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆய வேறுபாட்டையும் பெட்டியின் பக்க நீளத்தால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணைக் கழித்து, மறுபடி பக்க நீளத்தால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். ஒவ்வொரு சோடியையும் ஒருமுறை மட்டும் பார்த்து, தொலைவுக்கேற்ற பெட்டகத்தில் (ஒவ்வொரு கோள ஓட்டுக்கும் ஒன்றாக வைத்திருக்கும் எண்ணிக்கையில்) 2-ஐக் கூட்டுங்கள். ஏனென்றால் அந்தச் சோடி இருவருடைய பார்வையிலும் எண்ணப்பட வேண்டும். இறுதியில் ஒவ்வொரு பெட்டகத்தையும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, எடுத்த கணங்களின் எண்ணிக்கை, சராசரி அடர்த்தி, ஓட்டின் கன அளவு ஆகிய நான்காலும் வகுக்க வேண்டும். ஓட்டின் கன அளவை வெளிக்கோளத்தின் கன அளவிலிருந்து உட்கோளத்தினுடையதைக் கழித்தே கணக்கிடுங்கள். பரப்பைத் தடிமனால் பெருக்கும் தோராயம் சிறு தொலைவுகளில் பிழை தரும்.

சமவாய்ப்புப் புள்ளிகளுக்கு வரைபடம் தட்டையாக வர வேண்டும். உயரம் 1 அல்ல, 499 ÷ 500 = 0.998, மையத்துப் புள்ளி தன்னைத் தானே எண்ணிக்கொள்ளாது அல்லவா? 0.5 வந்தால் சோடியை ஒரு பக்கம் மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். பெட்டியின் பாதி நீளத்துக்கு அப்பால் கோடு சரிந்தால் அது நிரலின் பிழை இல்லை: அந்த அளவில் கோள ஓடு கனசதுரத்தைவிட்டு வெளியே நீண்டுவிடுகிறது. பாதி நீளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடினக் கோளங்கள்: உண்மையான தொடக்கம்

1950-களின் இறுதியிலும் 60-களின் தொடக்கத்திலும் ஜே. டி. பெர்னால் எஃகுக் குண்டுகளை ஒழுங்கின்றித் திணித்து, அவற்றின் அமைப்பை அளந்து, திரவத்துக்கு அதையே மாதிரியாக முன்வைத்தார். அதற்கும் முன்பே, 1957-இல் ஆல்டரும் வெயின்ரைட்டும், ஒன்றையொன்று ஊடுருவாமல் மோதிக்கொள்வதைத் தவிர வேறெதுவும் செய்யாத கோளங்கள் போதிய அடர்த்தியில் படிகமாகிவிடும் என்பதைக் கணினியில் காட்டினார்கள். கவர்ச்சியின்றி உறைதல் நடக்காது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

இந்த மாதிரியில் வெப்பநிலைக்கு வேலையே இல்லை. ஒரே ஓர் எண் எல்லாவற்றையும் ஆள்கிறது: மொத்த இடத்தில் கோளங்கள் அடைத்துள்ள பங்கு. இதை நிரம்பல் விகிதம் என்போம், சுருக்கமாக 'நி'. 0.494 வரை திரவம் நிலையானது, 0.545-க்கு மேல் படிகம். இடையே இரண்டும் சேர்ந்திருக்கும். மிக நெருக்கமான படிக அடுக்கில் 0.74. ஒழுங்கின்றித் திணித்தால் 0.64-க்கு அருகில் இறுகிவிடும்.

நி = 0.4 என்று வைத்துத் தொடங்குங்கள். கோளத்தின் விட்டத்தை 1 எனக் கொண்டால் அடர்த்தி 0.764, 500 கோளங்களுக்குப் பெட்டியின் பக்கம் 8.68. கோளங்களை முகமையக் கனசதுரப் படிக ஒழுங்கில் அடுக்குங்கள். 500 என்ற எண்ணைத் தேர்ந்ததே அந்த ஒழுங்கில் அது சரியாக அமர்வதால்தான். சமவாய்ப்பாக இறைத்தால் இந்த அடர்த்தியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ஓர் அமைப்பு கிடைக்கவே கிடைக்காது. பிறகு மான்டி கார்லோ முறை: ஏதேனும் ஒரு கோளத்தைத் தேர்ந்து சமவாய்ப்பான திசையில் சிறிது நகர்த்துங்கள், எதன்மீதாவது ஏறினால் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள், ஏறாவிட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த முறை 1953-இல் மெட்ரோபோலிஸ் குழு 224 கடின வட்டுகளுக்குப் பயன்படுத்திய அதே முறைதான். நகர்வுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஏற்கப்படும்படி நகர்வின் அளவைச் சரிசெய்தால் அமைப்பு விரைவாகக் கலையும்.

தொடக்கத்தில் படிகத்தின் நினைவு மிச்சமிருக்கும். நி = 0.4-இல் அந்தப் படிகத்தின் முதல் அண்டைத் தொலைவு 1.23, இரண்டாம் அண்டைத் தொலைவு 1.74. வரைபடத்தில் 1.74-க்கு அருகே கூர்மையான முகடு நீடித்தால் இன்னும் உருகவில்லை என்று பொருள். அதுவரையிலான தரவுகள் அத்தனையையும் எறிந்துவிடுங்கள். புதிதாக வருபவர்கள் பொறுமை இழக்கும் இடம் இது. இங்கே செலவிடும் நேரம் வீணாகாது.

சரிபார்க்க இரண்டு எண்கள் இருக்கின்றன. கார்னஹானும் ஸ்டார்லிங்கும் 1969-இல் தந்த சூத்திரத்தின்படி, தொடுநிலை மதிப்பு (1 − நி÷2) ÷ (1 − நி)³. நி = 0.4-க்கு இது 3.70. உங்கள் வரைபடத்தின் 1.0 முதல் 1.1 வரையிலான பகுதிக்கு ஒரு மென்மையான வளைகோட்டைப் பொருத்தி, 1 வரை நீட்டிப் படியுங்கள். முதல் பெட்டகத்தின் உயரத்தை அப்படியே எடுத்தால் குறைவாகத்தான் வரும். தொடுநிலை மதிப்பை 4 × நி-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் அழுத்தம் கிடைக்கும்: அதே அடர்த்தியிலுள்ள நல்லியல்பு வாயுவைப்போல 6.93 மடங்கு. அமைப்பு தெரிந்தால் அழுத்தமும் தெரிந்துவிடுகிறது என்பதை முதன்முறை எண்ணில் காண்பது எனக்கு இன்றும் பிடித்த கட்டம்.

உருவகப்படுத்தலின்றிக் கணக்கிடுதல்: ஆர்ன்ஸ்டைன்–ஜெர்னிகே சமன்பாடு

1914-இல் ஆர்ன்ஸ்டைனும் ஜெர்னிகேயும் ஒரு பிரிப்பை முன்வைத்தார்கள். பரவல் சார்பிலிருந்து 1-ஐக் கழித்தால் மொத்தத் தொடர்பு. இரு மூலக்கூறுகளுக்கு இடையிலான மொத்தத் தொடர்பு என்பது அவற்றின் நேரடித் தொடர்போடு, மூன்றாம் மூலக்கூறுகள் வழியாகச் சுற்றிவரும் தொடர்பும் சேர்ந்தது. சுற்றிவரும் பங்கு: முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையிலான நேரடித் தொடர்பை, மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான மொத்தத் தொடர்பால் பெருக்கி, மூன்றாவது இருக்கக்கூடிய எல்லா இடங்களுக்கும் தொகையிட்டு, அடர்த்தியால் பெருக்கியது.

இதில் தோராயம் எதுவும் இல்லை. நேரடித் தொடர்புக்கான வரையறையே இதுதான். ஆனால் ஒரு சமன்பாட்டில் தெரியாதவை இரண்டு. இரண்டாவது உறவைத் தோராயமாகத்தான் கொடுக்க முடியும். பெர்கஸும் யெவிக்கும் 1958-இல் தந்த தோராயம் கடினக் கோளங்களுக்கு மிக எளிய வடிவம் எடுக்கிறது: தொலைவு 1-க்கு அப்பால் நேரடித் தொடர்பு சுழி, 1-க்குள் பரவல் சார்பு சுழி.

கணினியில் தீர்க்க, சுற்றிவரும் பங்கையே மாறியாக எடுத்துக்கொள்ளுங்கள். அது மட்டும்தான் தொடுநிலையில் துண்டிக்காமல் ஓடுகிறது. முதலில் அதை எங்கும் சுழி என ஊகியுங்கள். கோளத்துக்குள் நேரடித் தொடர்பு = −(1 + சுற்றிவரும் பங்கு), வெளியே 0. இதை ஃபூரியர் உருமாற்றம் செய்தால், அதாவது தொலைவின் சார்பை அலைகளின் கூட்டாக மாற்றி எழுதினால், தொகையீடு வெறும் பெருக்கலாகிவிடும். அங்கே புதிய சுற்றிவரும் பங்கைக் கண்டு, திரும்ப உருமாற்றுங்கள். பழையதில் புதியதைப் பத்தில் ஒரு பங்கு மட்டும் கலந்து மீண்டும் சுற்றுங்கள். முழுவதையும் மாற்றினால் அடர்த்தியான திரவத்தில் விடை சிதறி ஓடிவிடும். நி = 0.05-இல் தொடங்கி, ஒவ்வொரு விடையையும் அடுத்த அடர்த்தியின் ஊகமாகக் கொடுத்து ஏறுவது பாதுகாப்பானது. தொலைவு இடைவெளி 0.01, புள்ளிகள் 4096 என்றால் போதும்.

இந்தத் தோராயத்துக்குக் கடினக் கோளங்களில் துல்லியமான தீர்வு உண்டு என்று 1963-இல் வெர்ட்ஹைமும் தீலேயும் தனித்தனியே காட்டினார்கள். அதனால் சோதனை எளிது. நி = 0.4-இல் நேரடித் தொடர்பு மையத்தில் −25 ஆக இருக்க வேண்டும். தொடுநிலை மதிப்பு 3.33. உருவகப்படுத்தலின் 3.70-ஐவிட இது குறைவு. உறைநிலையை நெருங்க இந்தக் குறை பெருகும். அழுத்தத்தை இரு வழிகளில் கணக்கிடலாம், இரண்டும் ஒத்துப்போகாது: தொடுநிலை மதிப்பு வழியாக 6.33, அமுங்குதிறன் வழியாக 7.22. முன்னதில் மூன்றில் ஒரு பங்கும் பின்னதில் மூன்றில் இரண்டு பங்கும் சேர்த்தால் 6.93. கார்னஹான்–ஸ்டார்லிங் சூத்திரத்துக்குப் பொருந்தும் கலவை அதுவே.

கவர்ச்சியைச் சேர்த்தல்

இப்போது ஆர்கான். இரு அணுக்கள் மிக நெருங்கினால் விலக்கமும் சற்றுத் தள்ளியிருந்தால் கவர்ச்சியும் தரும் எளிய சூத்திரம் லெனார்ட்-ஜோன்ஸ் நிலையாற்றல். அதில் இரண்டே அளவுகள்: விட்டம் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம், கவர்ச்சியின் ஆழம் சுமார் 120 கெல்வினுக்கு இணையானது. இவற்றையே அலகுகளாக எடுத்துக்கொண்டு அடர்த்தி 0.844, வெப்பநிலை 0.72 என வைத்தால், ஏறக்குறைய 86 கெல்வினிலுள்ள திரவ ஆர்கான். அனீசுர் ரஹ்மான் 1964-இல் 864 ஆர்கான் அணுக்களை 94.4 கெல்வினில் நியூட்டனின் இயக்க விதிகளின்படி நகர்த்திப் பார்த்தார். திரவ ஆராய்ச்சியில் மூலக்கூறு இயக்கவியல் வேரூன்றியது அந்தக் கட்டுரையால்தான்.

ஆயத்த நிரல்கள் கிடைக்கின்றன. உங்கள் மான்டி கார்லோ நிரலையே ஆற்றல் வேறுபாட்டுக்கேற்ப ஏற்கும்படி மாற்றுவதும் எளிது. நிலையாற்றலை 2.5 விட்டத்தில் துண்டிப்பது வழக்கம். முதல் முகடு 1.09 விட்டத்துக்கு அருகில், உயரம் சுமார் 3 என வரும். இணைந்து நிற்க இரு அணுக்கள் மட்டும் விரும்பும் தொலைவு 1.12, திரவத்தில் முகடு அதற்கும் உள்ளே தள்ளப்படுகிறது, சுற்றியுள்ள கூட்டத்தின் நெருக்குதலால். முதல் பள்ளம் வரை எண்ணினால் அண்டைகள் ஏறத்தாழ 12.

பிறகு ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். வீக்ஸ், சாண்ட்லர், ஆண்டர்சன் மூவரும் 1971-இல் செய்ததுபோல, நிலையாற்றலை அதன் அடிமட்டத்தில் வெட்டி, கவர்ச்சிப் பகுதியை நீக்கி, விலக்கப் பகுதியை மட்டும் சுழிக்கு உயர்த்தி, அதே அடர்த்தியிலும் வெப்பநிலையிலும் ஓட்டுங்கள். இரு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிட்டத்தட்டப் பிரித்தறிய முடியாது. கவர்ச்சி திரவத்தைச் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. உள்ளே யார் எங்கே நிற்பது என்பதை விலக்கம் முடிவுசெய்கிறது. அடர்த்தியை 0.3-க்கும் வெப்பநிலையை 1.5-க்கும் மாற்றி மறுபடி ஒப்பிட்டால் இந்த ஒற்றுமை கலைந்துவிடும்: அங்கே இடம் தாராளம், கவர்ச்சி அணுக்களைக் கூட்டமாகச் சேர்க்கிறது. கடினக் கோள மாதிரியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

ஆய்வகத் தரவோடு ஒப்பிடும்போது

எக்ஸ் கதிரோ நியூட்ரானோ பரவல் சார்பை நேரடியாக அளப்பதில்லை. அவை தருவது கட்டமைப்புக் காரணி, அதாவது ஒவ்வோர் அலை எண்ணிலும் (2 × பை ÷ அலைநீளம்) திரவம் கதிரை எவ்வளவு வலுவாகச் சிதறடிக்கிறது என்பதன் அளவு. இரண்டும் ஃபூரியர் உருமாற்றத்தால் பிணைந்தவை என்பதை ஜெர்னிகேயும் பிரின்ஸும் 1927-இல் காட்டினார்கள். திரவ ஆர்கானுக்கு யார்னெலும் உடன் ஆய்வாளர்களும் 1973-இல் 85 கெல்வினில் நியூட்ரான் சிதறலால் அளந்தவை இன்றும் ஒப்பீட்டுக்கு எடுக்கப்படுகின்றன.

இங்கே ஒரு பொறி உண்டு. ஆர்கானின் கட்டமைப்புக் காரணியில் முதல் முகடு ஆங்ஸ்ட்ராமுக்கு 2 என்ற அலை எண்ணுக்கு அருகில் இருக்கிறது. 2 × பை-யை அதனால் வகுத்து அண்டைத் தொலைவு 3.1 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதிவிடத் தோன்றும். உண்மையான அண்டைத் தொலைவு 3.7. ஓடுகளின் அலைவு இடைவெளியும் முதல் ஓட்டின் ஆரமும் வேறு வேறு; தொலைவு வேண்டுமென்றால் முழு உருமாற்றம் செய்தே ஆகவேண்டும். எதிர்த்திசையிலும் கவனம் தேவை: உங்கள் பரவல் சார்பு பெட்டியின் பாதி நீளத்தோடு நின்றுவிடுவதால், அதை உருமாற்றினால் போலி அலைகள் தோன்றும். பெட்டிக்குள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆயங்களிலிருந்தே கட்டமைப்புக் காரணியைக் கணக்கிடுவது நல்லது.

இதே கருவிகளோடு தண்ணீரை அணுகும்போது, ஆக்சிஜன்–ஆக்சிஜன் முகடுகள் 2.8, 4.5 ஆங்ஸ்ட்ராம் அருகே வரும். விகிதம் 1.6. ஆர்கானில் 3.7-உம் 7.0-உம், விகிதம் 1.9. நான்முகி வடிவில் கைகோக்கும் மூலக்கூறுகளைக் கோளங்களாகப் பார்க்க முடியாது என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது. அங்கே ஆக்சிஜன்–ஆக்சிஜன், ஆக்சிஜன்–ஹைட்ரஜன், ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் என மூன்று பரவல் சார்புகள் வேண்டும். எண்ணும் நிரல் அதேதான். வேறுவகை அணுச் சோடிக்கு மட்டும் 2-க்குப் பதில் 1-ஐக் கூட்டி, மையத்து வகையின் எண்ணிக்கையாலும் மற்ற வகையின் அடர்த்தியாலும் வகுக்க வேண்டும்.